நாற்பது நாள் நோயாளி

ஞானதீபம் தன் அறுபத்தெட்டு வயதுக்குள் ஒரே ஒரு முறைதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார். அதுவும் புதிதாக வந்து இறங்கிய கட்டில். திருகெல்லாம் சரியாக முடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் படுத்தார். முப்பத்தாறு வருஷம் நர்ஸ் வேலை, அதில் கடைசிப் பதினொரு வருஷம் மேட்ரன். காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறாரே தவிர, காய்ச்சல் என்று யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாத நேரத்தில், திருச்சியிலிருந்து காரோட்டி வந்த தம்பி தவராஜ் கேட்டான்:

"அக்கா, ஒரு நாப்பது நாளைக்கு நீங்க நோயாளியா இருக்கணும்."

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்கு டாக்டர் வீடு என்றுதான் பெயர். வாசல் தூணில் 'டாக்டர் வேதமுத்து' என்று ஒரு பித்தளைப் பலகை. அதற்குக் கீழே 'டாக்டர் தவராஜ் வேதமுத்து'. அதற்கும் கீழே ஒரு பலகைக்கு இடம் காலியாகக் கிடந்தது. வேதமுத்து தன் பலகையை அடிக்கும்போதே கீழே இரண்டு பலகைக்கு அளந்து இடம் விட்டு அடித்தவர். மகனுக்கு ஒன்று, பேரப்பிள்ளைக்கு ஒன்று. மூத்தவள் ஞானதீபத்துக்கு அதில் இடம் இல்லை. வகுப்பில் அவர்தான் முதலாவதாக வந்தார் என்பது வேறு விஷயம். அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது ஞானதீபத்துக்குப் பத்தொன்பது, தவராஜுக்கு ஒன்பது. நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தால் உடனே சம்பளம் வரும் என்றார்கள், சேர்ந்தார். தம்பியைப் படிக்க வைத்தார். பலகை ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் புளி போட்டு இரண்டு பலகைகளையும் தேய்த்து வருகிறார். இதில் குறை சொல்ல எதுவும் இருப்பதாக அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. குடும்பம் என்றால் அப்படித்தான்.

"புரியும்படியா சொல்லு. யாருக்கு நோயாளி?"

"நம்ம ஹெப்சிக்கு. இந்த வருஷம் மெடிக்கல் சீட்டுக்கு எழுதுதால்லா."

"அதான் நல்லாப் படிக்காளே."

"படிப்புக்கு இப்ப மதிப்பே கெடையாதுக்கா. ஆளுக்கொரு இயந்திரம் வீட்டுல ஒக்காந்து சொல்லிக்குடுக்கு. எல்லாப் புள்ளைகளும் முழு மார்க். அப்ப யாருக்குச் சீட்டுக் குடுக்க? அதான் நாலு வருஷமா பரிவுத் தேர்வுன்னு ஒண்ணு."

"பரிவுக்கா? அதை எப்படிப் பரீட்சை வைப்பான்?"

தவராஜ் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினான். "இம்புட்டுத்தான் இருக்கும். செவின்னு பேரு. புள்ள அதக் காலர்ல மாட்டிக்கிடணும். நாப்பது நாள். வீட்டுல எப்படிப் பேசுதா, நோயாளியை எப்படிப் பாத்துக்கிடுதா, எவ்வளவு பொறுமைன்னு எல்லாத்தையும் அது கேட்டுக்கிட்டே இருக்கும். அது போடுற மார்க்குதான் சீட்டு."

"வீட்டுல நோயாளி இல்லாதவன் என்ன செய்வான்?"

"தேடிப் பிடிக்கணும்." தவராஜ் சிரித்தான். "தை பொறந்தா எல்லா முதியோர் இல்லமும் காலிக்கா. மகனும் மருமகளும் கார் கொண்டாந்து கூட்டிட்டுப் போறாங்க. பங்குனி முடிஞ்சா திரும்பக் கொண்டாந்து விட்டுடுதாங்க. கோச்சிங் சென்டர்லயே வாடகைக்கு ஆள் வச்சிருக்கான். ஆனா சொந்தம்னா செவிக்கு நல்லாக் கேக்கும்ங்காங்க."

"ஓ. இப்பத்தான் சொந்தம் இருக்குன்னு நெனப்பு வந்துச்சாக்கும். போன கிறிஸ்மசுக்கு ஒரு போன் போட நேரமில்ல."

தவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஐம்பத்தெட்டு வயதிலும் அக்கா முன்னால் அவனுக்கு அந்தக் குனிவு வந்துவிடும்.

"நான் யாருக்கும் பாரமா இருந்தது கெடையாது, தவராஜு. இனியும் இருக்க மாட்டேன். நடிக்கக்கூடச் செய்ய மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பியவரின் கண் தூணில் போய் நின்றது. இரண்டு பலகைகளும் வெயிலில் மின்னின. கீழே காலி இடத்தில் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வியாதின்னு முடிவு பண்ணியிருக்க?"

"முட்டுவலின்னு ஏதாவது..."

"முட்டுவலிக்கு எவன் மார்க் போடுவான்? வலது கை. லேசா வாதம் வந்து வெலங்காமப் போச்சு. கை மட்டும், பேச்சு தெளிவா இருக்கும். அப்பத்தான் சோறு ஊட்டணும், தலை சீவணும், சேலை மடிப்பு எடுத்து விடணும். எல்லாத்துக்கும் புள்ள பக்கத்துல நிக்கணும்லா." பெட்டியை எடுத்து வைக்க உள்ளே போனார். "இதுல கேஸ் ஷீட்னு ஒண்ணு இருந்தா அதை நீயே எழுதிக்க. நான் பொய் எழுத மாட்டேன்."

திருச்சி வீட்டில் முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஹெப்சி காலரில் செவியை மாட்டிக்கொண்டாள். பச்சரிசி அளவுக்கு ஒரு நீல ஒளி அதில் எரிந்தது. அந்த ஒளி எரிந்ததும் வீடே தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு வீடாக மாறியது. முந்தின நாள் வரை சமையல்காரி பேச்சியிடம் கத்திக்கொண்டிருந்த தம்பி மனைவி வயலட், "பேச்சி, முடிஞ்சா கொஞ்சம் காபி போடறியா?" என்றாள். பேச்சி பயந்துபோய்க் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஹெப்சி வந்து கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நல்ல உயரம், வேதமுத்துவின் நெற்றி. பதினெட்டு வயதில் எதற்கும் நிற்க நேரமில்லாத கண்.

"அத்தை, இன்னைக்குக் கை எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

ஒன்று, இரண்டு, மூன்று.

"உங்களுக்கு அது ரொம்பக் கஷ்டமா இருக்கும்ல?"

"பழகிக்கிடணும்."

ஒன்று, இரண்டு, மூன்று.

"நான் கூட இருக்கேன், அத்தை."

நாடி பார்த்துப் பழகியவருக்கு அந்த இடைவெளி உடனே பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குளியலறைக்குச் செவி வராது, அது சட்டம். கதவுக்கு வெளியே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். உள்ளே போய்த் தாழ் போட்டதும் ஹெப்சி பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"அந்த மூணு செகண்டு என்னது?" என்று ஞானதீபம் கேட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா! கோச்சிங்ல சொல்லிக் குடுத்தாங்க. நோயாளி பேசி முடிச்சதும் மூணு செகண்டு விடணும். அப்பதான் நாம நல்லா கேட்டோம்னு செவி எழுதிக்கும்."

"ரெண்டு செகண்டு விட்டா?"

"அவசரம்னு எழுதிக்கும். நாலு விட்டா அலட்சியம்." ஹெப்சி சிரித்தாள். "அத்தை, உங்க ஆக்டிங் சூப்பர். அந்த விரல் கொஞ்சமா சுருங்கி இருக்கே, வாடகை ஆளுங்களுக்கெல்லாம் அது வராது."

பிறகு அவள் முக்காலியில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஞானதீபம் இரண்டு கையாலும் தண்ணீர் மொண்டு தானே குளிப்பார். வெளியே வரும்போது வலது கை மறுபடி துவண்டுவிடும். தினமும் இதே ஏற்பாடுதான்.

நாட்கள் போயின. ஹெப்சி சோறு ஊட்டினாள். முதல் வாரத்தில் விழுங்குவதற்கு முன்பே அடுத்த கரண்டியை நீட்டுவாள். போகப் போகக் கரண்டி காத்திருக்கப் பழகியது. மாலையில் கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார வைத்துத் தலை சீவிவிட்டாள். அம்மா போன பிறகு ஞானதீபத்தின் தலையை இன்னொரு கை தொட்டது அதுதான் முதல் தடவை. அம்மா போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சீப்பு உச்சியிலிருந்து இறங்கும்போது கண் தானாக மூடிக்கொண்டது. மேட்ரன் கண்ணை மூடுவதாவது என்று உடனே திறந்துகொண்டார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். நோயாளிக்கு இவ்வளவு நிமிர்ந்த முதுகு ஆகாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

செவிக்காகச் செய்கிறாள் என்பதை அவர் ஒரு நிமிஷமும் மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதற்காகவே அவளுடைய ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார்.

இருபத்தேழாவது நாள். குளியலறை. செவி வெளியே கொக்கியில் தொங்கியது. ஞானதீபம் குளித்து முடித்துத் துண்டுக்குக் கையை நீட்டினார். துண்டு இடத்தில் இல்லை. ஹெப்சி அதை எடுத்துப் பிரித்து வைத்திருந்தாள். கைபேசி ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது. கேட்காமலே பின்னால் வந்து முதுகைத் துடைத்தாள். ஈரத் தலையைத் துண்டோடு சேர்த்துப் பொத்திப் பிழிந்தாள்.

"அத்தை, நீங்க ஏன் டாக்டருக்குப் படிக்கல?"

அந்தக் கேள்விக்கு முன்னால் இடைவெளி எதுவும் இல்லை. அறுபத்தெட்டு வருஷத்தில் அதை அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. அம்மா கேட்கவில்லை, தவராஜ் கேட்கவில்லை. ஞானதீபம் வாயைத் திறந்தார்.

"தண்ணி எறங்குது. துண்டை நல்லாப் பிழி," என்றார்.

ஹெப்சி பிழிந்தாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாற்பதாவது நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தேர்வு வாரியத்து ஆள் ஒருவர் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, செவியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் வயலட் சமையலறையைப் பார்த்து, "ஏ பேச்சி! அடுப்புல என்ன தீயுது, மூக்கு செத்துப் போச்சா?" என்று கத்தினாள். பேச்சி நிம்மதியாகச் சிரித்தாள்.

மேசையில் ஞானதீபத்துக்கு எதிரே தட்டு வந்தது. சோறு, சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். வலது கை மடியில் கிடந்தது. உள்ளறையிலிருந்து ஹெப்சி தோழிகளோடு போனில் பேசிச் சிரிப்பது கேட்டது. முடிந்தது, முடிந்தது என்று பாட்டாகவே பாடினாள். ஞானதீபம் காத்திருந்தார். சாம்பாரின் மேல் ஆடை கட்டியது. தவராஜ் வந்து எதிரே உட்கார்ந்து கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போனான்.

கடைசியில் ஞானதீபம் வலது கையைத் தூக்கினார். நாற்பது நாளாகச் சோறு பிசையாத விரல்கள் முதலில் கொஞ்சம் மரத்திருந்தன. சோற்றைப் பிசைந்தார், சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி வைத்தார். வயலட் இரண்டு தடவை குறுக்கே போனாள். ஹெப்சி தண்ணீர் எடுக்க ஒரு முறை வந்துபோனாள். ஒரு பக்கவாதக் கை ஒரே மத்தியானத்தில் குணமாகியிருந்தது. அந்த வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் ரயிலேறினார். ஹெப்சி தூங்கிக்கொண்டிருந்தாள். "ரிசல்ட் வந்ததும் ஒடனே போன் பண்ணுதோம்," என்று தவராஜ் நடைமேடையில் நின்று சொன்னான்.

பாளையங்கோட்டை வீட்டில் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. ஞானதீபம் பலகைகளைத் தேய்த்தார். தானே தலை சீவிக்கொண்டார். கைபேசியைக் கூடத்து மேசையில், எந்த அறையிலிருந்தாலும் சத்தம் கேட்கிற இடத்தில் வைத்தார். வாரங்கள் போயின. மருந்துக் கடைக்காரனும் தேவாலயத்துப் பெண்கள் சங்கச் செயலாளரும் பேசினார்கள். திருச்சியிலிருந்து போன் வரவில்லை. அவராகக் கூப்பிடவும் இல்லை. என்னை விசாரியுங்கள் என்று கேட்டு வாங்குவது வேதமுத்து வீட்டு வழக்கம் அல்ல.

ஐந்தாவது வாரம் ஒரு பகல் பதினொரு மணிக்குக் கைபேசி அடித்தது. பெண் குரல். இயந்திரம்தான்; ஆனால் நன்றாக வளர்க்கப்பட்ட வீட்டுப் பிள்ளை மாதிரிப் பேசியது.

"வணக்கம் அம்மா. பரிவுத் தேர்வு வாரியத்திலிருந்து பேசுகிறேன். ஹெப்சி தவராஜ் பற்றிச் சில கேள்விகள். இந்த அழைப்பு வருவது மாணவருக்கும் பெற்றோருக்கும் தெரியாது. நீங்கள் சொல்வதை அவர்களிடம் சொல்லவும் மாட்டோம். பேசலாமா?"

"கேளுங்க."

"செவியைக் கழற்றிய பிறகு ஹெப்சி உங்களிடம் பேசினாரா?"

ஞானதீபம் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகத் தூணின் பக்கவாட்டு தெரிந்தது. முப்பத்தாறு வருஷத்தில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் காய்ச்சலை ஒரு டிகிரிகூட மாற்றி எழுதியதில்லை. பெரிய டாக்டர் ஒருவர் மாற்றச் சொன்னபோது, பேனாவை அவர் கையில் கொடுத்து, "நீங்களே எழுதிக்கிடுங்க சார், கையெழுத்தும் நீங்களே போடுங்க," என்று சொன்னவர். ஆனால் அது நோயாளியின் உயிர். இது வீட்டு மானம். அப்பாவின் பலகைக்குக் கீழே வரப்போகிற பெண்ணைப் பற்றி ஊரான் ஒருவன், இயந்திரமே ஆனாலும் சரி, ஏளனமாக எழுதி வைப்பதா?

"பேசினாளாவா? தெனமும் பேசுதா."

"எந்த நேரத்தில், அம்மா?"

"சாயந்தரம் ஏழு மணிக்கு. இங்க கோயில் மணி அடிக்கும். அது ஓஞ்ச ஒடனே போன் வரும்."

"நேற்று என்ன பேசினார்?"

"தலையை ஒழுங்காச் சீவினீங்களான்னு கேட்டா. சீவுனேன்னு சொன்னேன். பொய் சொல்லாதீங்க அத்தை, பின்பக்கம் சிக்கு அப்படியேதான் கெடக்கும்னு சிரிச்சா. சாப்பாடு என்னன்னு கேட்டா. ராத்திரிக்கு வெறும் கஞ்சி குடிக்காதீங்க, தொட்டுக்கிட ஏதாவது வைங்கன்னு சொன்னா." ஞானதீபத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் எதையும் தேடவில்லை. வாக்கியங்கள் வரிசையாக நின்றிருந்து ஒவ்வொன்றாக வந்தன. "அவளுக்கு என் காரியத்துல ரொம்பக் கண்டிப்பு."

மறுபுறம் மௌனம். ஒன்று, இரண்டு, மூன்று.

"மிக்க நன்றி அம்மா. உங்கள் கை இப்போது எப்படி இருக்கிறது?"

கைபேசி அவருடைய வலது கையில்தான் இருந்தது.

"பரவாயில்ல," என்றார்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் கழித்துத் தவராஜ் கூப்பிட்டான். குரல் உடைந்து வந்தது.

"அக்கா! சீட்டுக் கெடச்சிட்டு! நம்ம ஹெப்சிக்குக் கெடச்சிட்டு!"

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"அக்கா, நீங்க பொய் சொன்னீங்களாமே."

ஞானதீபத்தின் முதுகு நிமிர்ந்தது. "எவன் சொன்னான்?"

"யாரும் உங்க பேரச் சொல்லலை. ரிசல்ட்டோட சேத்து இந்த வருஷந்தான் வெளிய சொல்லியிருக்காங்க, தேர்வு எப்படி நடக்குன்னு. செவியைக் கழட்டின பெறகுதான் நெசமான தேர்வாம்க்கா. புள்ள போன் பண்ணினாளா, வந்து பாத்தாளான்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். எந்தப் புள்ளதான் பண்ணும்? தெரிஞ்சுக்கிட்டுதான் நோயாளிகிட்டக் கேக்காங்க. நாப்பது நாளும் நடிப்புன்னா, அந்த நோயாளி வெறுப்புல உள்ளதைச் சொல்லிருவாராம். நெசமாவே பரிவாப் பாத்துக்கிட்ட புள்ளைக்கு மட்டுந்தான் மனுசன் பொய் சொல்லிக் காப்பாத்துவானாம். பொய் சொன்னா பாஸ். அவ்வளவுதான்!"

ஞானதீபம் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஹெப்சி உங்களுக்கு ஒரு போன்கூடப் பண்ணலைன்னு எனக்குத் தெரியும்க்கா. நானும் பண்ணச் சொல்லலை, தப்புத்தான். கேஸ் ஷீட்ல ஒரு புள்ளி மாத்தாத எங்க அக்கா, இவளுக்காகப் பொய் சொல்லியிருக்கு. வயலட் அழுதுட்டா." அவன் மூக்கை உறிஞ்சினான். "நெசமாவே சொல்லுங்க. அவ்வளவு பிரியமாவா உங்களைப் பாத்துக்கிட்டா?"

நாட்டிலுள்ள கிழவர்களின் மனதையெல்லாம் கேட்டுக் கேட்டு அந்த இயந்திரம் ஒரு பாடம் கற்றுக்கொண்டிருந்தது, பிரியம் இருந்தால்தான் மனிதன் பொய் சொல்வான் என்று. பித்தளைப் பலகை இருக்கிற வீடுகளுக்கு அது வந்ததில்லை. பிரியம் துளியும் தேவைப்படாமல், பேருக்காக மட்டும், முதுகை நிமிர்த்தி நின்று பொய் சொல்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தவராஜுக்காவது உண்மை தெரிந்துவிடும்.

சொல்வதற்கு வாயைத் திறந்தபோது, ஈரத் தலையைப் பொத்திய துண்டு நினைவுக்கு வந்தது. நீங்க ஏன் டாக்டருக்குப் படிக்கல. அந்த இடைவெளியில்லாத கேள்வி. தான் சொன்ன பொய் பலகைக்காகவா, அந்தத் துண்டுக்காகவா? ஆயிரம் நோயாளிகளுக்கு எங்கே வலி என்று தொட்டே சொன்னவருக்கு அது பிடிபடவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று.

"ஆமா," என்றார். "நல்லாப் பாத்துக்கிட்டா."

"இருங்க, அவகிட்டக் குடுக்கேன்." கதவு திறக்கிற சத்தம். வயலட் ஏதோ சொல்கிற சத்தம். தவராஜ் திரும்பி வந்தான். "கூட்டாளிங்களோட வெளிய கெளம்பிட்டாளாம்க்கா. வந்ததும் பேசச் சொல்லுதேன்."

"சரி. மெதுவாப் பேசட்டும்."

அன்று சனிக்கிழமை அல்ல. ஆனாலும் புளி கரைத்து இரண்டு பலகைகளையும் தேய்த்தார். கீழே பொரிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தையும் ஈரத்துணியால் துடைத்தார். ஹெப்சி படித்து முடிக்க இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. இருந்தாலும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

பிறகு முகம் கழுவி, தலை சீவி, சலவைச் சேலை கட்டிக்கொண்டு கூடத்து மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். தினமும் ஏழு மணிக்குப் போன் வரும் என்று அவர் வாரியத்திடம் சொல்லியிருக்கிறார். வேதமுத்து வீட்டிலிருந்து சொன்ன சொல். நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தாலும் வரலாம். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் ஆள் இருக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை.

கோயில் மணி அடித்தது. வலது கை தானாக மடியில் துவண்டு கிடந்தது, விரல்கள் கொஞ்சம் சுருங்கியிருந்தன. இடது கையை மேசைமேல் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மணி ஓய்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார். நாடி பார்க்கிறபோது பாதியில் நிறுத்தக் கூடாது, ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும் என்பது அவர் படித்த பாடம். அறுபது வரை எண்ணினார். அறுபது தாண்டியும் நிறுத்தவில்லை.